உள்ளங்கையில் ஒரு கரண்டி குளுக்கோஸ்

“மாஸ்டர், உங்களுக்கு உண்மையாத் தெரிஞ்ச விளையாட்டு எது?”

முப்பது வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் கரவெட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மைதானத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விளையாட்டு ஆசிரியர் சிறீஸ்கந்தராசாவிடம் இப்படிக் கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை, அறியும் ஆசையில்தான் கேட்டது. தை மாதத்தில் அவர் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓட்டத் தடம் கீறினார். மாசி, பங்குனியில் துடுப்பாட்ட அணியை மட்டையும் பந்துமாக வெயிலில் காயவிட்டார். சித்திரை விடுமுறை முடிந்ததும் உதைபந்து. பெண் பிள்ளைகளுக்கு வலைபந்து சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லையென்பதால் அதுவும் அவர்தான். கரப்பந்துக்கு வலை கட்டினார், அந்த வலை கிழிந்தால் மீன்வலைக்காரரிடம் நூல் வாங்கித் தைத்தார். இப்படிப்பட்டவர் எந்த விளையாட்டுக்காரர் என்று ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

அவர் சிரித்துவிட்டு விசிலை ஊதினார். வீட்டுக்கு வந்து, அப்போதுதான் கல்யாணம் முடித்திருந்த மனைவி விமலாதேவியிடம் சொன்னார்.

“கோடு கீறுறது எண்டு சொல்லியிருக்கலாமே. அதைத்தானே வருசம் முழுக்கச் செய்யிறியள்,” என்றாள் அவள்.

அந்தப் பகிடி அவர்களோடு எல்லா இடமும் போனது. போரில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபோது கோடு கீறச் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கீறினார். குண்டு எறிதலுக்கு இரும்பு இல்லை, சீமெந்தை உருட்டிக் காயவைத்தார். பிறகு கீறுவதற்கு மைதானமே இல்லாமல் போனது. ஏழு வயது மகள் கஜந்தியை மடியில் வைத்துக்கொண்டு படகில் பதினெட்டு நாள் வந்தார்கள். மெல்பேண் நகரத்தில் முதல் நான்கு வருடம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றார். குளிரில் விரல் மடங்க மறுத்ததால், ஓர் ஆரம்பப் பள்ளியில் துப்புரவு வேலைக்கு மாறினார்.

அங்கேதான் பழைய வாழ்க்கை மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பின்னேரம், பெற்றோர் வரும்வரை காத்திருந்த இரண்டு பிள்ளைகள் மணல் குழியில் நீளம் பாய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் பாய்வதற்கு முன்னால் நின்று நின்று பாய்ந்தார்கள். சிறீஸ்கந்தராசாவுக்குப் பொறுக்கவில்லை. துடைப்பத் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எந்தக் காலால் உந்துவது என்று காட்டினார். அதைக் கண்ட விளையாட்டு ஆசிரியை அடுத்த வாரம் அவரை மைதானத்துக்குக் கூப்பிட்டாள்.

நான்கு வருடம் சம்பளமில்லாமல் உதவினார். பிறகு ஒவ்வொரு விளையாட்டுக்கும் சான்றிதழ் எடுத்தார். கோடையில் கிரிக்கெட், குளிரில் வலைபந்து, வசந்தத்தில் ஓட்டம். ஐம்பது வயதுக்குப் பிறகு இந்த நாட்டு முட்டை வடிவப் பந்தையும் படித்தார். “அது எந்தப் பக்கம் துள்ளும் எண்டு முருகனுக்கே தெரியாது,” என்று வீட்டில் முறைப்பாடு சொல்வார். பிள்ளைகள் அவரைக் கோச் ராஜ் என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் கோச், மற்ற நாட்களில் அதே பள்ளியின் கழிவறைகளைக் கழுவுகிறவர். இரண்டிலும் அவருக்குக் குறை தெரியவில்லை.

இந்த வருடம் செப்ரெம்பரில் அதிபர் ஹெலன் அவரைக் கூப்பிட்டு, அடுத்த ஜனவரி முதல் ஐந்து நாளும் அவர் கோச்சாகவே இருக்கலாம், துப்புரவு வேலை வேண்டாம், விளையாட்டு விழா முடிந்ததும் கடிதம் தருகிறேன் என்று சொன்னாள். கரவெட்டியை விட்ட பிறகு ஒரு பள்ளி அவரை முழு ஆசிரியராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. விமலாதேவி அன்றே கந்தசஷ்டி ஆறு நாளும் பால், பழத்தோடு இருப்பதாக நேர்ந்துகொண்டாள்.

விளையாட்டு விழா சஷ்டியின் முதல் நாளிலேயே வந்தது.

புதன்கிழமை. காலையில் குளிர், பத்து மணிக்கு வடக்குக் காற்று சூடாக அடித்தது, பதினொரு மணிக்குச் சாரல். மைதானத்தின் ஓரத்து யூகலிப்டஸ் மரத்தில் குஞ்சு பொரித்திருந்த கறுப்பு வெள்ளைப் பறவை, அந்தப் பக்கம் போகிற பிள்ளைகளின் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து வந்தது. அதனால் கோச் ராஜ் எண்ணூறு மீற்றர் தொடக்கக் கோட்டை முதல் நாளே பத்து அடி தள்ளிக் கீறியிருந்தார்.

அவருடைய இடுப்புப் பையில் பிளாஸ்ரிக் உறை ஒன்றில் குளுக்கோஸ் இருந்தது. அதற்குள் ஒரு சிறு கரண்டி. யாழ்ப்பாணத்தில் ஓட்டப் போட்டி என்றால் குளுக்கோஸ் இருக்கும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் மாஸ்டர் கரண்டியால் அள்ளி வைப்பார், பிள்ளை உள்ளங்கையை நக்கும். நாக்கில் குளிர்ச்சியாகக் கரையும். இந்தப் பள்ளியில் கேக் கொண்டுவரக் கூடாது, கடலை கூடாது, ஒரு பிள்ளையின் சாப்பாட்டை மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். ஆனால் குளுக்கோஸ் சாப்பாடு என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அது அவருக்கு விசில் போல, கோடு போல, ஓட்டத்தோடு சேர்ந்த ஒரு சாமான். தமிழ்க் கடையில் வாங்கிய பைக்கற் ஈரத்தில் கட்டிபடும் என்று உறையில் மாற்றி வைத்திருந்தார். பிள்ளைகள் அதற்கு ‘மேஜிக் டஸ்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எண்ணூறு மீற்றருக்கு ஆறு பேர். அதில் கபிலன் ஒருவன். பதினொரு வயது. தாய் ப்ரீத்தியும் தகப்பன் கௌரிசங்கரும் கோயம்புத்தூர்க்காரர். தகப்பனுக்குத் தூரத்துப் பேர்த் நகரில் ஒப்பந்த வேலை, தாய் முதியோர் இல்லமொன்றில் தாதி. பள்ளியில் தமிழ் பேசக் கூச்சப்படுகிறவன் கோச்சுடன் மட்டும் தனியாக நிற்கும்போது தமிழில் பேசுவான்.

“கோச், தல கொஞ்சம் வலிக்குது.”

“ஓட முதல் எல்லாருக்கும் அப்பிடித்தான்.”

“கண்ணு எரியுது கோச்.”

“பயம் அது. ஓடத் தொடங்கினா எல்லாம் பறந்திடும். கையை நீட்டு பாப்பம்.”

அவன் கையை நீட்டினான். அவர் ஒரு கரண்டி வைத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. இந்த வசனத்தை அவர் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது உண்மையாகவே பறந்துவிடும்.

கபிலன் முதல் சுற்றில் இரண்டாவதாக வந்தான். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் கால் பின்னியது. பிறகு பக்கவாட்டில் சரிந்து புல்லில் விழுந்தான், எழும்பவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. அவன் கண் திறந்து தண்ணீர் கேட்டதும்தான் சிறீஸ்கந்தராசாவுக்கு மூச்சு வந்தது. அதற்குள் ஓட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன் அதிபரிடம் போய்த் தன் கைத்தொலைபேசியைக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. பெயரில்லாத பிளாஸ்ரிக் உறை, வெள்ளைத் தூள், ஒவ்வொரு பிள்ளையாக நீட்டுகிற கை. “என் மகன் அதை மேஜிக் டஸ்ட் என்கிறான்,” என்று அவர் சொன்னார்.

ஹெலன் அந்த உறையை இரண்டு விரலால் பிடித்து ஒரு கடித உறைக்குள் போட்டாள். அவளுடைய முகம் வெளிறியிருந்தது. “ராஜ், வீட்டுக்குப் போங்கள். உங்களைச் சந்தேகப்படவில்லை. ஆனால் விசாரணை முடியும்வரை நீங்கள் பிள்ளைகளோடு இருக்க முடியாது, அதுதான் விதி,” என்றாள். அவர் மைதானச் சாவியைக் கொடுத்தார். பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் வைத்தார். முறைப்பாடு நிலைத்தால் அந்த அட்டையே போய்விடும். அட்டை போனால் ஜனவரிக் கடிதம் மட்டுமல்ல, பள்ளிக் கழிவறை கழுவுகிற வேலையும் இல்லை.

ஸ்பிரிங்வேலில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில், கஜந்தி கிளேட்டனில் வகுப்பு முடித்து வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தாள். தாதியர் படிப்பு, இரண்டாம் வருடம். தகப்பன் சொல்லி முடித்ததும் தலையில் கையை வைத்தாள்.

“அப்பா, வைட் பவுடர்! பிளாஸ்ரிக் பாக்கில! அதையும் ஸ்பூனால குடுத்திருக்கிறீங்கள். யாரும் பாத்தா என்ன நினைப்பினம்?”

“குளுக்கோஸ் எண்டு நினைப்பினம்.”

“ஒருத்தரும் அப்பிடி நினைக்க மாட்டினம், அப்பா.”

“கரவெட்டியில நினைப்பினம்,” என்றாள் விமலாதேவி குசினிக்குள் இருந்து. “நீ அப்பாவை ஏசாதை. அவர் காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. விரதம் எனக்கோ உங்களுக்கோ எண்டு தெரியேல்லை. இந்தாங்கோ, பால்.”

அவர் கிண்ணத்தைக் கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தார்.

“விமலா, பெடியன் தலையிடி எண்டு சொன்னவன்.”

“எப்ப?”

“ஓட முதல். ரெண்டு தரம் சொன்னவன். நான்தான் ஓடு எண்டனான்.”

கதிரையை இழுத்துக்கொண்டு அவள் அவருக்கு முன்னால் வந்து இருந்தாள். “வேறை ஆருக்கும் கேட்டதோ?”

“இல்லை. தமிழிலதான் சொன்னவன்.”

“அப்ப அதை விடுங்கோ. அவை தூளைப் பற்றித்தான் கேப்பினம். அது வெறும் சீனி எண்டு நாளைக்கே தெரிஞ்சிடும். கேக்காததை நீங்களாப் போய்ச் சொல்லி இருக்கிறதையும் கெடுக்கப் போறியளோ? பதின்மூண்டு வருசம், என்னப்பா. இப்பதான் ஒரு கரை தெரியுது.”

அவர் கஜந்தியைப் பார்த்தார். அவள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரியேல்லை அப்பா,” என்றாள் கடைசியில். “உண்மையாத் தெரியேல்லை.”

விமலாதேவியைக் குறை சொல்ல இடமில்லை. பசியோடு இருந்த ஒருத்தி, தன் வீட்டுக் கூரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிய பேச்சு அது.

வெள்ளிக்கிழமை விசாரணை. வெளியிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்து ஹெலனின் அறையில் இருந்தார்கள். இருவரும் மரியாதையாகவே கேட்டார்கள். எங்கே வாங்கினீர்கள், எப்போது திறந்தீர்கள், ஏன் உறையை மாற்றினீர்கள், ஒரே கரண்டியா, யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்தீர்களா. ஒரு மணி நேரமும் தூள்தான். கடையின் பற்றுச்சீட்டைக் காட்டினார். மீதிப் பைக்கற்றை மேசையில் வைத்தார். கடைசியில் அந்தப் பெண் பேனையை மூடிக்கொண்டே, “வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று கேட்டாள்.

“நோ,” என்றார் சிறீஸ்கந்தராசா.

அந்த ஒரு சொல் அவரோடு பஸ்ஸில் வந்தது. வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து இருந்தது. சனிக்கிழமை முழுக்க அவர் பின்வளவில் நின்று, ஒருவரும் வெட்டச் சொல்லாத புல்லை வெட்டினார். வேலியோரத்துக் கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றி மண் கொத்தினார். விமலாதேவி கறி வைத்தாள். அவள் தொடாத கறியை அவரும் தொடவில்லை.

“உங்கட சமையலுக்கு ஸ்ரைக் நடக்குது, அம்மா,” என்று கஜந்தி சிரிக்கவைக்கப் பார்த்தாள். சிரித்தது அவள் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ப்ரீத்தி நின்றாள். வேலைச் சட்டையோடு நேரே வந்திருந்தாள். பக்கத்தில் கபிலன். கொஞ்சம் மெலிந்திருந்தான், மற்றபடி முகம் தெளிவாக இருந்தது. சிறீஸ்கந்தராசா அவனைக் கண்டதும், “வா ராசா,” என்று கதவை அகலத் திறந்து பிடித்தார்.

“உள்ள வாங்கோ பிள்ளை, இருங்கோ,” என்றாள் விமலாதேவி. “பெடியனுக்கு இப்ப எப்பிடி?”

“நல்லாருக்கான் ஆன்ட்டி. ஒரு நாள் ஹாஸ்பிட்டல்ல வெச்சிருந்தாங்க. ஃப்ளூ, உடம்புல தண்ணி சத்து இல்லன்னாங்க. வேற ஒண்ணுமில்ல.” அவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். “நான் அங்கிள்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்.”

“சொல்லுங்கோ.”

“அன்னிக்குக் காலைல இவனுக்குக் காய்ச்சல் இருந்துச்சு அங்கிள். முப்பத்தெட்டரை. நான்தான் பனடோல் குடுத்து அனுப்பிச்சேன். எனக்கு ஆறேமுக்காலுக்கு ஷிஃப்ட். சிக் லீவ் எல்லாம் தீந்துபோச்சு. விசா அவங்க ஸ்பான்சர்ல இருக்கு. இன்னொரு தடவ லீவு கேக்கவே பயமா இருந்துச்சு. இவனும் ஓடணும் ஓடணும்னு ஒரே அடம். மருந்து குடுத்தா எறங்கிடும்னு நெனச்சேன்.” அவள் மூச்சு வாங்கினாள். “ஹாஸ்பிட்டல்ல ஸ்கூல்லருந்து வந்த மேடம், ‘காலைல உடம்பு சரியில்லாம இருந்தானா’ன்னு கேட்டாங்க. நான் இல்லன்னுட்டேன். வாயில அப்படியே வந்துடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, உங்கள வீட்ல உக்கார வெச்சிட்டாங்கன்னு.”

குழாய் சொட்டுகிற சத்தம் குசினியிலிருந்து கேட்டது.

“மூணு நாளா தூங்கல அங்கிள். நாளைக்குக் காலைல ஸ்கூலுக்குப் போய் மேடம்கிட்ட எல்லாத்தயும் சொல்லப்போறேன். தப்பு முழுக்க என்னோடது. உங்ககிட்ட மொதல்ல மன்னிப்புக் கேட்டுட்டுப் போகணும்னு தோணுச்சு.”

“ஐயோ பிள்ளை, அவை உங்களை ஏதும் சொல்லமாட்டினமோ?” என்றாள் விமலாதேவி.

“சொல்லுவாங்க ஆன்ட்டி. எழுதி வெப்பாங்க. காய்ச்சல்ல புள்ளைய அனுப்பிச்ச அம்மான்னு பேரு வரும். வரட்டும். இவர் பேரு போறதுக்கு அது பரவால்ல.”

சிறீஸ்கந்தராசா வாயைத் திறந்தார். “தங்கச்சி, நானும்...”

“தேத்தண்ணி குடிப்பம்,” என்று விமலாதேவி சட்டென்று எழுந்தாள். அவருடைய தோளில் கையை வைத்து ஒரு கணம் அழுத்திவிட்டுக் குசினிக்குப் போனாள். ப்ரீத்தியும், “நான் ஹெல்ப் பண்றேன் ஆன்ட்டி,” என்று கூடவே போனாள். அந்தப் பெண்ணுக்கும் அழுவதற்கு ஒரு மறைவு வேண்டியிருந்தது.

அறையில் அவரும் கபிலனும் தனியாக இருந்தார்கள். பையன் காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

“கோச், நான் உங்ககிட்ட தல வலிக்குதுன்னு சொன்னத யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டக்கூட.”

“ஏன் ராசா?”

“சொன்னா உங்கள அனுப்பிடுவாங்கல்ல.”

அவர் அவனுடைய தலையில் கையை வைத்தார். ஓட்டத்துக்கு முன் வைத்திருக்க வேண்டிய கை. நெற்றி குளிர்ந்திருந்தது.

திங்கட்கிழமை, சஷ்டியின் கடைசி நாள், சூரன்போர். விமலாதேவி காலை தொடக்கம் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு, பின்னேரம் கரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனாள். அவர் காரை ஓட்டிப் போய் வெளிவீதியில் கூட்டத்தோடு நின்றார். சூரனின் தலை ஒவ்வொன்றாக மாறி மாறி விழுந்தது. பக்கத்தில் ஒரு தகப்பனின் தோளில் இருந்த பிள்ளை ஒவ்வொரு தலைக்கும் கைதட்டியது. சிறீஸ்கந்தராசா முருகனிடம் வேலையைக் கேட்கவில்லை. “அந்தப் பிள்ளை பாவம்,” என்று மட்டும் சொன்னார். ப்ரீத்தியைத்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை, விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாட்டுக்கு விமலாதேவி ஏழு கறி வைத்துக்கொண்டிருக்கும்போது ஹெலன் அழைத்தாள். தூளைப் பரிசோதித்துவிட்டார்கள், குளுக்கோஸ்தான். பையனின் தாய் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். இனிமேல் தண்ணீரைத் தவிர எதுவும் பிள்ளைகளின் கையில் வைக்கக் கூடாது என்று ஓர் எழுத்து எச்சரிக்கை மட்டும். நாளைக்கு வாருங்கள், ராஜ், ஆறாம் வகுப்புக்காரர் இப்போதே கிரிக்கெட் மட்டையை எடுத்து என் உயிரை வாங்குகிறார்கள்.

அவர் தொலைபேசியை வைத்ததும் கஜந்தி கத்திக்கொண்டே வந்து கட்டிப்பிடித்தாள். விமலாதேவி அகப்பையோடு சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அகப்பையிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியதை அவள் கவனிக்கவில்லை.

“சாப்பிடுங்கோ இப்பவெண்டாலும்,” என்றாள் திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இனி என்ன சாட்டு?”

அவர் வாழையிலைக்கு முன்னால் இருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது இறங்கவில்லை.

“பசி இல்லையோ?”

“கிடக்குது. பிறகு சாப்பிடுறன்.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த நாள் காலை, மீந்த கறியில் நல்லதாகப் பார்த்து எடுத்து, புட்டோடு சாப்பாட்டுப் பெட்டியில் கட்டிக் கொடுத்தாள்.

பள்ளியில் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். “கோச் இஸ் பாக்!” என்று ஒருவன் கத்த, இன்னொருவன், “மேஜிக் டஸ்ட் எங்கே?” என்று கேட்டுத் தன் ஆசிரியையிடம் பேச்சு வாங்கினான். படம் பிடித்த தகப்பன்கூட வாசலில் நின்று கையை நீட்டினார். “என் இடத்தில் இருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்,” என்றார். “ஓம், சொல்லியிருப்பன்,” என்று சிறீஸ்கந்தராசா தமிழிலேயே சொல்லிக் கையைக் குலுக்கினார். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

மதிய இடைவேளைக்கு முன் ஹெலன் அவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தாள். “சம்பவப் படிவம் என் மேசையில் இருக்கிறது. வாசித்துக் கையெழுத்துப் போட்டு அந்தத் தட்டில் வையுங்கள். அதோடு இது முடிந்தது. உங்கள் கடிதம் அடுத்த வாரம்,” என்றாள். அவளுக்கு வெளியே ஒரு கூட்டம் இருந்தது, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வரவேற்பறைப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அலுவலகத்தில் ஒருவரும் இல்லை.

படிவம் மூன்று பக்கம். அவர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். இரண்டாம் பக்கத்தில், காரணம் என்ற கட்டத்துக்குள், பிள்ளை காய்ச்சலோடு பள்ளிக்கு அனுப்பப்பட்டது, தாய் அறிவிக்கவில்லை, கேட்டபோதும் மறுத்தார் என்று தட்டச்சில் இருந்தது. ப்ரீத்தியின் முழுப் பெயரும் அங்கே இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: பணியாளர் வேறு விதமாகச் செய்திருக்கக் கூடியது என்ன? அதற்குக் கீழே, பொருளைப் பற்றிய எச்சரிக்கை தவிர ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது.

அவர் பேனையை எடுத்தார். ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். அதற்குப் பக்கத்து வெற்றிடத்தில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து மெதுவாக எழுதினார். ஓட்டத்துக்கு முன் தலை வலிக்கிறது, கண் எரிகிறது என்று பிள்ளை என்னிடம் இரண்டு தடவை சொன்னது. நான் தொட்டுப் பார்க்காமல் ஓடு என்று சொன்னேன். விசாரணையில் இதை மறைத்தேன். தாய் மருந்து கொடுத்துத்தான் அனுப்பினாள். நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். பிழையில் பாதி என்னுடையது.

இடம் போதவில்லை. கடைசி வரியை ஓரத்தில் செங்குத்தாக எழுத வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டார். திகதியைப் போட்டார். இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பி, ப்ரீத்தியின் பெயருக்குக் கீழே, மூன்றாம் பக்கத்தையும் பார்க்கவும் என்று ஓர் அம்புக்குறி இட்டார். தட்டில் வைத்தார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஹெலனின் காகிதம் துளையிடும் கருவியை அதன்மேல் தூக்கி வைத்தார்.

இதை அவர் விமலாதேவியிடம் சொல்லப் போவதில்லை. ப்ரீத்திக்கும் தெரியப் போவதில்லை. அவள் இனி எப்போதாவது பள்ளிக்கு வரும்போது யாராவது அவளைக் கொஞ்சம் மென்மையாகப் பார்த்தால், அதற்குக் காரணம் என்னவென்று அவள் யோசிக்கவும் போவதில்லை. பெற்ற தயவைத் திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லையென்று இதை எழுதுகிறவருக்குத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் வேலைக்கடிதம் வந்தது. ஐந்து நாள் என்றே இருந்தது, ஒரு வரியும் மாறவில்லை. ஹெலன் அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் அன்று, சாவியோடு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது, இதொன்றும் அவருக்குத் தெரியாது.

மைதானத்தில் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது, புல்லிலிருந்து ஈர வாசம் எழும்பியது. அவர் மர வாங்கில் போய் இருந்தார். திடீரென்று பசித்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். புட்டைக் கையால் உதிர்த்து, கத்தரிக்காய்க் கறியோடு பிசைந்து, வாய் நிறையப் போட்டார். ஒரு வாரத்துப் பசி. பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவையும் விரலால் வழித்து எடுத்துச் சாப்பிட்டார்.